மூன்று பழைய தண்டனை, ஏழு நாள் நோட்டீஸ்: 1909-க்குப் பிறகு இங்கிலாந்தில் ஒருவனை 'வழக்கக் குற்றவாளி' என்று நிரூபித்தது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய இங்கிலாந்து கோர்ட் பதிவுகளைப் படிக்க ஆரம்பித்த பலர் 1909-க்குப் பிந்தைய வழக்குகளில் ஓரிடத்தில் தடுமாறுவார்கள். திருட்டு வழக்கு முடிந்திருக்கும், ஜூரியும் குற்றவாளி என்று சொல்லியிருக்கும், ஆனால் தண்டனை வராது. அதே ஜூரிக்கு முன்னால் இன்னொரு விசாரணை தொடங்கும். சிறை வார்டர் வருவார், துப்பறியும் போலீஸ்காரர் வருவார், சில வழக்குகளில் பழைய முதலாளியும் வருவார். 'இவன் என்ன திருடினான்' என்பதை விட்டுவிட்டு 'இவன் எப்படிப் பிழைக்கிறான்' என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். நானும் முதலில் இரண்டு வழக்குகளைத் தவறுதலாக ஒன்றாகச் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அது அச்சுப்பிழை இல்லை, குற்றத்தையே பிழைப்பாகக் கொண்ட 'வழக்கக் குற்றவாளி'களுக்குக் கூடுதல் தண்டனை தர வழி செய்த 1908-ஆம் வருடக் குற்றத் தடுப்புச் சட்டத்தின் இரண்டாம் பகுதி. உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் கொண்டுவந்தது, 1909 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. (முதல் பகுதி 16 முதல் 21 வயதுக்காரர்களுக்கான போர்ஸ்டல் பள்ளிகளைப் பற்றியது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.) நீங்கள் 1910-இல் ஏதோ ஓர் இங்கிலாந்து ஊரின் போலீஸ் தரப்பில் வழக்கு நடத்துகிறவர், எதிரே நிற்பவன் பழைய ஆள் என்று வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். அப்போதுதான் பதிவுகளில் எந்த வரி எதற்காக இருக்கிறது என்பது புரியும்.

அதற்கு முன் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தச் சட்டம் தந்த கூடுதல் தண்டனையைத் தமிழில் தடுப்புக் காவல் என்றுதான் சொல்ல முடியும். ஆனால் நம்மூரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் குண்டர் சட்டம்தான் நினைவுக்கு வரும், அதாவது விசாரணைக்கு முன்பே உள்ளே வைப்பது. இது அது இல்லை. இங்கே விசாரணை நடந்து, குற்றம் நிரூபணமாகி, அதற்கான தண்டனையும் முடிந்த பிறகு, 'இவனை வெளியே விட்டால் மறுபடி செய்வான்' என்று மேலும் பல வருடம் பூட்டி வைப்பது.

முதல் படி: ஆள் யார் என்று உறுதி செய்வது

பிடிபட்டவன் சொல்லும் பெயரை நம்பக் கூடாது, அவ்வளவுதான் விதி. பழைய ஆட்கள் ஊருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். லண்டனில் வில்லியம், பர்மிங்ஹாமில் ஜான், லிவர்பூலில் வேறு ஏதோ. 1869 முதலே வழக்கக் குற்றவாளிகளுக்கென்று பதிவேடு வைத்துப் பார்த்தார்கள், மச்சம், தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் குறித்துப் பார்த்தார்கள், ஆனால் ஆயிரக்கணக்கான பெயர்களில் ஒருவனைத் தேடி எடுப்பது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை.

விரல் ரேகைதான் இதை மாற்றியது. 1901 ஜூலையில் ஸ்காட்லாந்து யார்டில் ரேகைப் பிரிவு தொடங்கியது, தொடங்கியவர் எட்வர்ட் ஹென்றி. அவர் அந்த முறையோடு வந்து இறங்கியது வங்காளத்திலிருந்து. அங்கே அவர் போலீஸ் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது ரேகைகளை வகைபிரித்து அடுக்கும் கணக்கை உண்மையில் உழைத்து உருவாக்கியவர்கள் அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகள், ஆனால் முறைக்குப் பெயர் மட்டும் ஹென்றியின் பெயர். லண்டன் திருடனின் ஏழு பெயர்களையும் ஒரே அட்டையில் கொண்டுவந்து சேர்த்த கணக்கு கல்கத்தாவில் போட்டது என்பது எனக்கு இன்னமும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆளை மாற்றிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அடோல்ஃப் பெக் வழக்கு இருக்கிறது. 1895 டிசம்பரில் பெண்களை ஏமாற்றி நகை பறித்ததாக அவரைப் பிடித்தார்கள். 1877-இல் அதே வகைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஜான் ஸ்மித் இவர்தான் என்று அந்தக் காலத்துப் போலீஸ்காரர் ஒருவரே அடையாளம் சொன்னார். 1877-இல் பெக் தென் அமெரிக்காவில் இருந்தவர். அதை நிரூபிக்க அவருடைய வக்கீல் முயன்றபோது, பழைய தண்டனை இந்த வழக்கில் குற்றச்சாட்டாகவே இல்லையே என்று நீதிபதி அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்துவிட்டார். ஏழு வருடம் கடுஞ்சிறை. உள்ளே போன பிறகு ஸ்மித் சுன்னத் செய்தவர், பெக் செய்யாதவர் என்பது சிறைக் குறிப்பிலிருந்தே தெரியவந்தது. உள்துறை அலுவலகம் செய்தது என்ன தெரியுமா, கைதி எண்ணை மட்டும் மாற்றியது! 1904-இல் இன்னொரு முறை பிடிபட்டு, இன்னொரு முறை குற்றவாளி என்று தீர்ப்பாகி, அதற்குள் உண்மையான ஸ்மித் சிக்கியதால்தான் பெக் தப்பினார். 5,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. 1907-இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கச் சட்டம் வந்ததற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். அந்த நீதிமன்றம் கடைசிப் படியில் மறுபடி வரும்.

இரண்டாம் படி: கணக்கு தேறுகிறதா என்று பார்ப்பது

பழைய தண்டனைகளை ஒரு தாளில் எழுதுங்கள். 16 வயது முடிந்த பிறகு குறைந்தது மூன்று இருக்க வேண்டும், அதற்கு முந்தையவை கணக்கில் வராது. மூன்றும் சட்டம் சொல்கிற 'குற்றம்' என்ற வகைக்குள் வர வேண்டும். அந்த வரையறையை 1871-ஆம் வருடச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள்: ஃபெலனி என்று அழைக்கப்பட்ட பெருங்குற்றங்கள் (சாதாரணத் திருட்டும் இதில்தான் வரும்), கள்ள நாணயம் மாற்றுவது, பொய் சொல்லிப் பொருள் பறிப்பது, இரவில் பூட்டு உடைக்கும் கருவிகளோடு திரிவது போன்றவை. குடித்துவிட்டு ரகளை செய்ததற்கு நாற்பது முறை உள்ளே போயிருந்தாலும் பிரயோஜனமில்லை.

இன்னொரு குறுக்கு வழியும் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை வழக்கக் குற்றவாளி என்று தீர்ப்பாகித் தடுப்புக் காவல் பெற்றவன் என்றால் மூன்று கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: போலீஸ் கோர்ட்டில் வழக்கை முடிந்துபோக விடாமல் பார்த்துக்கொள்வது

சின்னத் திருட்டுகளை மாஜிஸ்திரேட்டே விசாரித்துச் சில மாதச் சிறையோடு முடித்துவிட முடியும். அப்படி முடிந்தால் உங்கள் திட்டமும் அங்கேயே முடிந்தது, ஏனென்றால் வழக்கக் குற்றவாளி என்ற குற்றச்சாட்டு ஜூரி விசாரணையில்தான் எழும். ஆகவே சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கி, ஜூரி அமரும் மேல் கோர்ட்டுகளான குவார்ட்டர் செஷன்சுக்கோ அசைசுக்கோ வழக்கை அனுப்பச் செய்ய வேண்டும். லண்டன் என்றால் ஓல்டு பெய்லி, அல்லது லண்டன் செஷன்ஸ். ரிமாண்டில் இருக்கும் நாட்களில்தான் சிறையில் ரேகை எடுத்து யார்டுக்கு அனுப்புவார்கள், பதில் வந்த பிறகுதான் 'ஓஹோ, இவனா' என்று தெரியும். அதனால் ரிமாண்டை அவசரப்பட்டு முடிக்காதீர்கள்.

நான்காம் படி: அனுமதியும் நோட்டீசும்

வழக்கு தோற்றால் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும். கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

அந்தக் கால இங்கிலாந்தில் சாதாரண வழக்குகளை நடத்த நம்மூர் மாதிரி அரசு வழக்கறிஞர் கிடையாது, போலீசே வக்கீல் வைத்து நடத்தியது. ஆனால் இந்தக் குற்றச்சாட்டுக்கு லண்டனில் இருந்த பப்ளிக் பிராசிக்யூஷன் டைரக்டரின் சம்மதம் கட்டாயம், 1908 முதல் சர் சார்லஸ் மேத்யூஸ் அந்தப் பதவியில் இருந்தார். உள்ளூர் இன்ஸ்பெக்டருக்கு ஒருவன்மேல் எரிச்சல் என்பதற்காக அவனைப் பத்து வருடம் பூட்டிவிட முடியாதபடி வைத்த தடுப்பு இது என்று நான் நினைக்கிறேன், நல்ல தடுப்புதான்.

சம்மதம் வந்ததும் நோட்டீஸ். குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் கோர்ட் அலுவலருக்கும் குறைந்தது ஏழு நாள் முன்னதாகத் தர வேண்டும். அவனுக்குத் தருகிற நோட்டீசில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும். ஒன்று, எந்தெந்தப் பழைய தண்டனைகளைக் காட்டப்போகிறீர்கள் என்ற பட்டியல். இன்னொன்று, 'வேறு காரணங்கள்'. பலர் முதலாவதை அழகாக எழுதிவிட்டு இரண்டாவதை ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

ஏன் என்றால் சட்டம் கேட்பது இரண்டு. மூன்று தண்டனை பாதிதான். மீதிப் பாதி, அவன் 'தொடர்ந்து நேர்மையற்ற அல்லது குற்ற வாழ்க்கை நடத்துகிறான்' என்பது. 'நடத்தினான்' என்று காட்டினால் போதாது, நடத்துகிறான் என்று காட்ட வேண்டும். பழைய தண்டனைகள் அவன் நேற்று யாராக இருந்தான் என்பதைத்தான் சொல்லும். கடைசியாகச் சிறையிலிருந்து வெளியே வந்த நாளுக்கும் இந்தக் குற்றத்துக்குப் பிடிபட்ட நாளுக்கும் நடுவே என்ன செய்துகொண்டிருந்தான் என்பதுதான் வழக்கின் உயிர். வேலைக்குப் போனானா? எங்கே தங்கினான்? யாரோடு திரிந்தான்? திருட்டுச் சாமான் வாங்குகிறவன் வீட்டில் பார்த்தவர்கள் உண்டா? இவையெல்லாம் தேதியோடு, இடத்தோடு நோட்டீசில் வர வேண்டும். நோட்டீசில் இல்லாததை விசாரணையில் திடீரென்று எடுத்து வைத்தால் மேல்முறையீட்டில் அடிபடும். அவன் பதில் தயார் செய்யட்டும் என்பதற்காகத்தானே நோட்டீஸ்.

ஐந்தாம் படி: விசாரணையின் முதல் பாதியில் வாயை மூடிக்கொண்டிருப்பது

கோர்ட்டில் முதலில் இப்போதைய குற்றத்தை மட்டும்தான் படித்துக் காட்டுவார்கள். கோட் திருடினானா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. வழக்கக் குற்றவாளி என்ற பகுதி குற்றப்பத்திரத்தில் இருந்தாலும் ஜூரி காதில் விழக் கூடாது. 1898 முதல் குற்றம் சாட்டப்பட்டவனே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லலாம், அப்படிச் சொன்னாலும் பழைய தண்டனை பற்றிப் பொதுவாக அவனைக் கேட்க முடியாது. 'நான் ரொம்ப நல்லவன் ஐயா' என்று அவனே ஆரம்பித்தாலோ, அரசுத் தரப்புச் சாட்சியின் நடத்தையைத் தாக்கினாலோ கதவு திறந்துவிடும். அனுபவப்பட்ட பழைய ஆட்களுக்கு இந்த விதி வக்கீலை விட நன்றாகத் தெரியும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவன் கூண்டில் நின்றபடியே கோர்ட்டில் அங்கி போட்டு உட்கார்ந்திருக்கும் பாரிஸ்டர்களில் ஒருவரைக் காட்டி அமர்த்தலாம், கட்டணம் 1 பவுண்டு 3 ஷில்லிங் 6 பென்ஸ். அது கூட இல்லாதவன் தானே பேச வேண்டியதுதான். பதிவுகளில் கைதியே குறுக்கு விசாரணை செய்வதைப் பார்க்கும்போது இது நினைவிருக்கட்டும்.

ஆறாம் படி: இரண்டாம் பாதி

குற்றவாளி என்று ஜூரி சொன்னதும், அல்லது அவனே ஒப்புக்கொண்டதும், இரண்டாவது குற்றச்சாட்டைப் படிப்பார்கள். 'ஆமாம், நான் வழக்கக் குற்றவாளிதான்' என்று அவன் சொன்னால் வேலை மிச்சம். மறுத்தால் அதே ஜூரி, மறுபடி சத்தியப்பிரமாணம் கூட இல்லாமல், விசாரிக்கும்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் பழைய தண்டனைச் சான்றிதழ்கள், ஒவ்வொன்றும் அந்தந்தக் கோர்ட் குமாஸ்தா கையெழுத்திட்டது. சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, அதில் உள்ள ஆள் இவன்தான் என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டும். அதற்குத்தான் வார்டரும் அந்நாளில் வழக்கில் இருந்த போலீஸ்காரரும். 'அன்று நான் கோர்ட்டில் இருந்தேன், இவர்தான் அவர்' என்ற ஒரு வரி பதிவில் வந்தால் அது இந்த வேலையைத்தான் செய்கிறது.

அப்புறம் வாழ்க்கை பற்றிய சாட்சியம். கோர்ட் அனுமதித்தால் நடத்தை, ஊரில் உள்ள பேர் பற்றியும் சாட்சியம் தரலாம் என்று சட்டமே சொல்கிறது, இங்கிலாந்துச் சட்டத்தில் இது சாதாரண சலுகை இல்லை. ஆனாலும் 'இவன் திருடன் என்று எங்களுக்குத் தெரியும்' என்று போலீஸ்காரர் பொத்தாம்பொதுவாகச் சொல்வதை விட, 'இத்தனாம் தேதி வெளியே வந்தான், இன்ன முகவரியில் வேலை பார்ப்பதாகச் சொன்னான், போய் விசாரித்தேன், அப்படி ஓர் ஆளே அங்கே இல்லை' என்பதற்கு எடை அதிகம்.

எதிர்த்தரப்பின் பதிலும் இங்கேதான் வரும், எனக்குப் படிக்க மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். கைதி எழுந்து, 'வேலை பார்த்தேன், பழைய ஆள் என்று தெரிந்ததும் துரத்திவிட்டார்கள், போலீஸ்காரர் வந்து முதலாளியிடம் சொல்லிவிட்டார்' என்பான். சிலது கதையாக இருக்கும், சிலது நிஜமாகவே இருக்கும். லைசென்சில், அதாவது தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு வெளியே வந்தவன் மாதம் ஒருமுறை போலீசில் போய் ஆஜராக வேண்டிய நிலை பல வருடம் இருந்தது, அப்படிப் போகிறவன் வேலையைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையிலேயே சில மாதம் உழைத்துச் சாப்பிட்டான் என்று முதலாளி வந்து சொன்னால் அரசுத் தரப்பு ஆட்டம் காணும். நேர்மையாகப் பிழைக்க முயன்றவனை 'தொடர்ந்து' குற்ற வாழ்க்கை நடத்தியவன் என்று சொல்ல முடியாதே.

ஏழாம் படி: தண்டனைக் கணக்கு

இதில்தான் சட்டத்தின் கோணல் தெரியும். தடுப்புக் காவல் தனியாக வராது. முதலில் இப்போதைய குற்றத்துக்காக நீதிபதி கடுஞ்சிறை விதிக்க வேண்டும், அதன் குறைந்த அளவே மூன்று வருடம். அதன் மேல்தான் ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மிகாமல் தடுப்புக் காவல். ஆகக் குறைந்தபட்சம் எட்டு வருடம். திருடியது எவ்வளவு சின்னப் பொருளாக இருந்தாலும் சரி. மனம் ஒப்பாத நீதிபதிக்கு ஒரு வழி இருந்தது: கடுஞ்சிறைக்குப் பதிலாகச் சாதாரணச் சிறை கொடுத்துவிட்டால் தடுப்புக் காவல் தானாகவே கழன்றுவிடும். ஜூரி வழக்கக் குற்றவாளி என்று சொல்லியும் தண்டனை பதினெட்டு மாதம் என்று பதிவில் பார்த்தால் குழம்ப வேண்டாம், நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

டேவிட் டேவிஸ் என்ற முதியவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தேவாலய உண்டியலில் இரண்டு ஷில்லிங் எடுத்ததற்காக 1909-இல் ஷ்ரூஸ்பரியில் மூன்று வருடம் கடுஞ்சிறை, அதன் மேல் பத்து வருடம் தடுப்புக் காவல். சட்டப்படி எல்லாம் சரிதான், பழைய தண்டனைகள் வரிசையாக இருந்தன, அவரும் உண்டியல்களை விடவே இல்லை. டார்ட்மூர் சிறையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரை 1910-இல் சிறையைப் பார்க்கப் போன நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜும் வின்ஸ்டன் சர்ச்சிலும் சந்தித்தார்கள். லாயிட் ஜார்ஜ் அவரை மேடையில் இழுத்துப் பிரபுக்கள் சபையோடு ஒப்பிட்டுப் பேசினார், நாடே 'டார்ட்மூர் இடையன்' என்று பேசியது. உள்துறை அமைச்சராக இருந்த சர்ச்சில் அவரை வெளியே விட்டு ஒரு பண்ணையில் வேலைக்கும் ஏற்பாடு செய்தார். சில நாளிலேயே ஆள் மாயம்! 1911-இல் மறுபடி ஒரு வீட்டில் புகுந்து பிடிபட்டார். எதிர்க்கட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் எனக்கு இதில் தோன்றுவது வேறு: அவர் திருந்தாதவர் என்பது நிரூபணமானது, ஆபத்தானவர் என்பது நிரூபணமாகவே இல்லை. சட்டமோ இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் எழுதப்பட்டிருந்தது.

சர்ச்சில் 1911-இல் விட்ட சுற்றறிக்கை அந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்த்தது. வெறும் தொல்லையாக இருப்பவர்களுக்கு இது வேண்டாம், பொதுவாக 30 வயதைத் தாண்டியவனாக, முன்பே ஒருமுறை கடுஞ்சிறை அனுபவித்தவனாக, இப்போது செய்தது கனமான குற்றமாக இருந்தால் மட்டும் கேளுங்கள் என்றது. அதன்பின் இந்தத் தண்டனையின் எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. எனவே 1910 வழக்கையும் 1912 வழக்கையும் ஒரே அளவுகோலால் பார்க்காதீர்கள்.

எட்டாம் படி: மேல்முறையீடும் கேம்ப் ஹில்லும்

தடுப்புக் காவல் தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் மனு போட்டால் போதும். தொடக்க வருடங்களில் தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டோன் பிரபு தலைமையில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நோட்டீசையும் 'வேறு காரணங்களையும்' உற்றுப் பார்த்துப் பல விதிகளை வகுத்தது. நான்காம் படியில் நான் சொன்ன கண்டிப்பு அங்கிருந்து வந்ததுதான்.

தோற்றவர்கள் முதலில் கடுஞ்சிறையை முடிப்பார்கள், பிறகு வைட் தீவில் பார்க்ஹர்ஸ்ட் சிறைக்குப் பக்கத்தில் 1912-இல் திறந்த கேம்ப் ஹில். அங்கே தோட்டம் போடலாம், புகை பிடிக்கலாம், மாலையில் மற்றவர்களோடு பேசிக்கொண்டிருக்கலாம், சம்பாதித்த சில பென்ஸில் கேன்டீனில் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது உள்துறை அமைச்சர் ஒவ்வொருவன் நிலையையும் பார்த்து லைசென்சில் விடலாமா என்று முடிவு செய்ய வேண்டும். வசதியெல்லாம் சரி, வெளியே போகும் தேதி தெரியாமல் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் ஊற்றுவதை வசதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த ஏற்பாடு 1948-ஆம் வருடக் குற்றவியல் நீதிச் சட்டம் வந்து மாற்றும்வரை காகிதத்தில் நீடித்தது.

பதிவுகளைப் படிக்க உட்காருகிறவர்களுக்கு

ஓல்டு பெய்லி வழக்குகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் அச்சிட்ட தொடர் 1913 ஏப்ரலோடு நின்றுவிடுகிறது. ஆக 1909 ஆகஸ்டிலிருந்து அதுவரை உள்ள நாலு வருடத்துக்கும் குறைவான காலம்தான் உங்கள் களம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வழக்கக் குற்றவாளிப் பதிவேடுகள் மெபோ 6 (MEPO 6) என்ற வரிசையில் இருக்கின்றன, கைதியின் மாற்றுப் பெயர், தழும்பு, விடுதலைத் தேதி எல்லாம் அதில் கிடைக்கும். ('கேடி' என்ற நம்மூர்ச் சொல்லும் இந்த மாதிரி ஒரு போலீஸ் பதிவேட்டுச் சுருக்கத்திலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள்.) வெளியூர் வழக்கென்றால் செஷன்ஸ் கைதிப் பட்டியலில் பழைய தண்டனைகள் வரிசையாக அச்சிட்டிருக்கும், மீதிக்கு உள்ளூர்ச் செய்தித்தாள்தான்.

எந்த வழக்கை எடுத்தாலும் தீர்ப்பை உடனே பார்க்க வேண்டாம். கடைசி விடுதலைத் தேதியையும் கைதுத் தேதியையும் ஒரு தாளில் எழுதி நடுவே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். அந்த நாட்களைப் பற்றி யார் யார் சாட்சி சொன்னார்கள், நோட்டீசில் அது இருந்ததா என்று பாருங்கள். ஜூரி என்ன சொல்லியிருக்கும் என்று நீங்களே யூகித்துவிட்டு அப்புறம் பக்கத்தைத் திருப்புங்கள்.